அழுவதற்கு ஒரு வீடு

"அழுறதுக்கும் வாடகை எடுப்பியளோ? எவ்வளவெண்டு சொல்லுங்கோ, தாறன்."

தவமலர் இப்படிக் கேட்டதும் வீட்டுக்காரர் ராஜகோபாலன் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். "கோச்சுக்காதீங்கோம்மா. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். ஆத்துல ஒப்பாரி சத்தம் கேட்டா நன்னாவா இருக்கும்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்தாங்கொள்ளி. அந்த ரகத்தோடு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது.

பருத்தித்துறையிலிருந்து படகேறித் தப்பி வந்து, அடையாற்றில் அந்த மாடி அறையில் நாலு வருஷமாக ஒண்டியாகக் கிடந்தவள் அவள். தொண்ணூற்று நாலு கார்த்திகையில் அந்தக் கடிதம் வந்தது. அம்மா செத்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு பெற்ற மகளுக்குச் சேதி. ஓலமிட வாயைத் திறந்தவளைத்தான் வீட்டுக்காரர் ஓடிவந்து அடக்கினார். திறந்த வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல ஒரு பாரம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை என்ன செய்யும்?

அகதிகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிற சூடாமணியிடம் யாரோ அனுப்பிவைத்தார்கள். முதல் நாள் அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். மூச்சுவிடத் தெரியாமலா இவள் கடல் தாண்டி வந்தாள்? இரண்டாம் நாள் சூடாமணிக்குப் புத்தி வந்தது. "உங்க ஊர்ல சாவுன்னா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைப்பம்."

"இங்கயே அழுங்கோ. கதவைச் சாத்திக்கறேன்."

"தனிய அழுறது அழுகையோ, அம்மா? பிடிக்க ஆள் வேணும்."

சூடாமணி பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "எங்க வாட்ச்மேன் அம்மாசியோட அம்மா ராத்திரி போயிட்டா. ஊரூர் குப்பம். துக்கம் கேக்கப் போறேன், வரேளா?" என்றாள்.

குப்பத்துச் சந்தில் பெண்கள் பிணத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். சூடாமணி சந்து முனையோடு நின்றாள். தவமலர் உள்ளே போய்க் கண்ணில் பட்ட முதல் தோளைக் கட்டிக்கொண்டாள். பதினேழு நாள் அடைத்துக் கிடந்தது உடைந்தது.

அந்தத் தோள்காரி பொன்மணி, மூச்சு வாங்கும்போது கேட்டாள்: "கெயவி ஒனக்கு இன்னா ஒறவு?"

"ஒண்டுமில்லை. நான் எங்கட அம்மாவுக்கு அழுறன்."

"அழு. நான் மட்டும் கெயவிக்கா அழுவுறேன்? எம் புருசனுக்குத்தான்." மறுபடி இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அழுது முடிந்ததும் பெண்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். சூடாமணிக்கு வேறு ஆள் காத்திருந்தார், அவளும் கிளம்பினாள். தவமலரும் பிணமும் மட்டும் இருந்தார்கள். முன்பின் தெரியாத கிழவி. பெற்றவள் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவள் இந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு வந்து அடுத்தவர் சாவில் அழுதுவிட்டோமே என்று கூசியது. எழுந்து தெருமுனைப் பூக்காரியிடம் போய் ஒரு சாமந்தி மாலை வாங்கிவந்து கிழவியின் கழுத்தில் போட்டாள்.

மாலை பதினெட்டு ரூபாய். அழுத வீட்டுக்கு வாடகை.