டெல்லிக் கிராமங்களில் தலை எண்ணியபோது

எங்கள் தொழிலில் எந்த ஊரையும் மூன்று கேள்வியில் அடக்கிவிடலாம்: எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் நிர்வாகம் செய்கிறார்கள். டெல்லிக்குக் கிராமம் உண்டா என்று நம்மவர்கள் கேட்பார்கள். நிறைய உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், அந்தக் கிராமங்களைப் பற்றிக் கையேடு தயாரிக்கும் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா.

மனைவி செண்பகமும் மகளும் திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சீனியாரிட்டி லிஸ்டோ நகர்வேனா என்றது. சரோஜினி நகரில் யாருடைய குவார்ட்டர்ஸிலோ ஓர் அறை பிடித்து, பம்ப் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தாங்களே சமைத்து, தாங்களே சாப்பிட்டு, சட்டியையும் தாங்களே கழுவியவர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் நம்ம கட்சி.

எல்லை

நஜப்கர் பக்கம் ஒரு கிராமம். பஞ்சாயத்துத் தலைவரை அங்கே பிரதான் என்பார்கள். எல்லை காட்டுகிறேன் என்று வயல் வரப்பில் என்னை இழுத்துக்கொண்டு போனார். மேற்கே வடிகால், வடக்கே ரோடு. தெற்கே எது என்றால் ஒரு கருவேல மரத்தைக் காட்டினார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. எருமை எங்கள் ஊர், அது தின்னும் புல் அடுத்த ஊர் என்றார். அடுத்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது கேள்வி கேட்பது அவர் முறை. ஊர் எது என்றார். மதராசுக்கும் தெற்கே, ரயிலில் இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும் என்றேன். சம்சாரம்? அங்கேதான் என்றேன். நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாபுஜி, நாங்க எருமையைக்கூட அவ்வளவு தூரத்துல கட்டமாட்டோம்."

பெண் உறுப்பினர்

இன்னொரு கிராமத்தில் வேப்பமரத்தடியில் ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம், பஞ்சாயத்து எப்போது கூடும் என்று கேட்டேன். இதோ கூடித்தானே இருக்கிறோம் என்றார்கள். ஆபீசர் ஜீப் வந்தால் இதே கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவார்களாம். ரிக்கார்டில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். யார் அது என்றேன். பெரிய மீசைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அது என் சம்சாரம். ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கா. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றார்.

பார்த்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க, வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தார். என் கேள்விக்கெல்லாம் மீசைக்காரர்தான் பதில் சொன்னார். நான் எழுந்தபோது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது: உங்கள் வீட்டில் யார் ரொட்டி சுடுகிறார்கள்? நான்தான், வேறு ஆளில்லை என்றேன்.

"அப்போ உங்க பஞ்சாயத்துல பிரதானும் நீங்கதான், மெம்பரும் நீங்கதானா?"

விளக்கில்லாத ஊர்

ரெவின்யூ ரிக்கார்டில் சில ஊர்களுக்கு எதிரே 'பேசிராக்' என்று இருக்கும். விளக்கு இல்லாதது என்று அர்த்தம். நிலம் இருக்கும், எல்லை இருக்கும், குடி இருக்காது. ஜனத்தொகைக்கு நேரே ஒரு கோடு கிழித்தால் வேலை முடிந்தது. எனக்கு அன்று அறைக்குத் திரும்ப மனமில்லை. நேரிலேயே போய்ப் பார்த்தேன்.

கடுகு பூத்திருந்தது. நடுவில் ஒரு பம்ப்செட் அறை, வாசலில் கயிற்றுக்கட்டில், அதில் பீகாரிலிருந்து வந்த காவல்காரன். வருஷம் முழுக்க அங்கேதானாம். டீ போட்டுக் கொடுத்தான். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு கிளாஸும் ஊற்றினான். அதே சந்தோஷத்தில் நானும் குடித்தேன். உன் ஊருக்கு விளக்கே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். உள்ளே போய் அரிக்கேன் விளக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான்.

"விளக்கு இருக்கு பாபுஜி. பக்கத்துல உட்கார ஆள்தான் இல்லை."

யார் ஊர் ஆட்கள்?

இரண்டு கிராமங்களுக்கு நடுவே ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாகத் தார்ப்பாய்க் குடிசைகள். இந்தப் பிரதானைக் கேட்டால் அந்த ஊர் என்றார். அந்தப் பிரதானைக் கேட்டால் எங்கள் ஊரே இல்லை என்றார். யாரும் எண்ணாத அந்த ஜனங்களை நானே எண்ணப் போனேன். "ஏ புள்ள, சட்டிய எறக்கு!" என்று ஒரு குரல். தமிழ்! கால் அங்கேயே நின்றுவிட்டது.

சேலத்துப் பக்கத்துக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் ஜல்லி சுமக்கிறார்கள். கடைக்குட்டி "பானி, பானி" என்று இந்தியில் தண்ணீர் கேட்டு அழுதது. "சாமி நம்ம ஊருங்களா! ஒக்காருங்க" என்று அந்தப் பெண் சிமெண்ட் சாக்கை உதறிப் போட்டாள். உங்கள் குடும்பம் எங்கே என்று கேட்டாள். சர்க்கார் வீடு கிடைக்கவில்லை, கிடைத்ததும் கூட்டிவருவேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்களுக்கும் வீடு கெடைக்கலீங்க சாமி. அதுக்காவ புருசன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கமாவா கெடக்கறது?"

ட்ரங்க் கால்

அந்த வாரமே மொட்டைமாடியில் ஓர் அறை பார்த்துப் பேசி முடித்தேன். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. மகளுக்கு அங்கே இடம் விசாரித்துவிட்டு, ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடை போனுக்கு ட்ரங்க் கால் போட்டேன். செண்பகம் ஓடிவந்து பேசினாள். குவார்ட்டர்ஸ் வரும்போது வரட்டும், நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள் என்றேன். இத்தனை நாள் தோன்றாதது இப்போது தோன்றிவிட்ட பெருமை எனக்கு.

 அவளோ, "லீவுல வரும்போது நேர்ல சொல்லணும்னு இருந்தேன். பஞ்சாயத்து யூனியன் பால்வாடியில எனக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்கு. பிள்ளைகள்லாம் டீச்சர் டீச்சர்னு காலையே சுத்துதுக" என்றாள். அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.  ஆனாலும் அதை விட்டுவிட்டு வர முடியாதா என்று கேட்டேன். நேரம் முடியப்போகிறது என்று எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்தாள். அதற்குள் செண்பகம் சொல்லிவிட்டாள்.

"இத்தனை வருசத்துல, உங்க வேலைய விட்டுட்டு வாங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

அவள் அங்கேயும் நான் இங்கேயுமாக, பென்ஷன் வாங்கும்வரை ஊர் ஊராகப் போய் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதையே யாராவது என்னிடம் திருப்பிக் கேட்டால் மட்டும், அவசர வேலை இருப்பதுபோல அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவேன்.