கோடி போன ஏரி

என் தாய்மாமா திண்டிவனத்தில் ஒரு தொலைக்காட்சியின் நிருபராக இருந்தார். ஒரு காலத்தில், படமெடுத்த கேசட்டைச் சென்னை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, செய்தி இன்று வருமா நாளை வருமா என்று நிம்மதியாக டீ குடித்தவர். போனிலேயே படம் அனுப்பும் காலம் வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. கண்ணால் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து அனுப்புவார். அதனால் எல்லோருக்கும் கடைசியாகத்தான் அனுப்புவார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு மழை விடுமுறையில், கிளியனூரைத் தாண்டி ஓர் ஏரிக்கு அவர் பைக்கில் தொற்றிக்கொண்டு போனேன். ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிய தண்ணீர், அதற்கென்றே கரையில் கட்டிவைத்த கலங்கல் வழியாக வழிவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நல்ல சகுனம் அது. ஊர்ப் பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னை ஆபீஸிலிருந்து போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏரி உடைஞ்சிடுச்சுன்னு மத்த சேனல்ல ஓடுது. உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் போட்டுக்கறோம்."

"உடையலிங்க சார். கரை மேலதான் நிக்கிறேன். எதுக்கும் முழுசா பாத்துக்கினு வந்து சொல்றேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரையோடு நடந்தார். மாமாவுக்கு வேலை போய்விடுமே என்று எனக்கு அழுகை முட்டியது. கலங்கலில் நுரைத்துக் கொட்டிய தண்ணீரைப் படமெடுத்து ஆபீஸுக்கு அனுப்பினேன். உடனே அழைத்து, உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். "ஆமாங்க சார்" என்றேன். கலங்கல் எது, உடைப்பு எது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை போலிருக்கிறது.

மாமா திரும்புவதற்குள் பாராட்டே வந்துவிட்டது. நான் சொன்னதைக் கேட்டு அவர் திட்டவில்லை. ஆபீஸை அழைத்தார்.

"ஏரி உடையலிங்க சார். தப்பு என்னுதுதான். சேதிய உடனே எடுத்துடுங்க."

நான் வாங்கித் தந்த நல்ல பேரை இப்படிக் கெடுத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபமான கோபம். அந்த வேலை அதோடு சரி.

பைக்கை ஏரிக்குக் கீழே இருந்த ஊருக்கு விட்டார். ரோடு முழுக்க ஜனம். ஒருவர் மாட்டை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓர் அக்கா இடுப்பில் குழந்தையும் தலையில் அரிசி மூட்டையுமாக அழுதுகொண்டே வந்தாள். "டிவில சொன்னாங்க சார்" என்றாள். மாமா ஒவ்வொருவரிடமும் நின்று, "ஏரி நல்லாத்தாம்மா இருக்குது. பயப்படாம வூட்டுக்குப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இத்தனை பேர் என் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.