நத்தார்ச் சட்டையின் அளவு

மாலைதீவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மகள் மட்டக்களப்பில் என் தங்கச்சியோடு இருக்கிறாள். இங்கே கிறிஸ்து பிறந்த நாளான நத்தாரன்றும் பள்ளிக்கூடம் உண்டு. ஊருக்குப் போக முடியாது. சட்டையாவது நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று, போன வருடம் தையற்காரரிடம் இடுப்பருகே கையை வைத்து, "இவ்வளவு உயரம்" என்று காட்டித் தைப்பித்து அனுப்பினேன். சில வருடங்களுக்கு முன் நான் புறப்பட்டபோது அவள் அவ்வளவு உயரம்தான்.

நத்தாரன்று இடைவேளையில் வீடியோ கோல் எடுத்தேன். முழங்காலை மூடாத சட்டையோடு தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"வேற சட்டை போடு மகள்."

"பரவாயில்ல அம்மா. கையத் தூக்காம நிண்டாக் காணும்."

பூசைக்கும் அப்படியே போய்வந்தாளாம்.

இப்போது தங்கச்சியிடம் அளவு கேட்டுத்தான் தைக்கக் கொடுக்கிறேன். ஆனாலும் மகள் எவ்வளவு உயரம் என்று இங்கே யாராவது கேட்டால், என் கை இடுப்பருகேதான் போய் நிற்கிறது.