அதே வலி

என் மனைவி முருகனை அழைக்காமல் எந்தச் செயலையும் தொடங்கியதில்லை, முடித்ததும் இல்லை. அமரும்போது ஒரு ‘முருகா’, எழும்போது ஒரு ‘முருகா’. கொட்டாவி வந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், மின்சாரம் போனாலும், போன மின்சாரம் திரும்பினாலும் அந்த ஒரே பெயர்தான். ஆனால் அவை ஒன்றல்ல. அச்சத்தில் சொல்வதில் முதலெழுத்து குறுகி விழும். அலுப்பில் சொல்வதில் இறுதி நீளும். சினத்தில் சொல்வதில் நடுவெழுத்து பல்லிடுக்கில் அரைபடும். ஒரே பதிகத்தை வெவ்வேறு பண்களில் ஓதக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அடுத்த அறையில் இருந்தபடியே அவள் என்ன செய்கிறாள், என்ன நிலையில் இருக்கிறாள் என்று அந்தப் பெயரைக் கொண்டே அறிந்துகொள்வேன்.

இடுப்பில் வலி குடியேறிய பின் அந்த வேற்றுமைகள் மங்கத் தொடங்கின. இரும்புலியூரில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. முதலில் படியிறங்குவதை நிறுத்தினாள். பிறகு தரையில் அமர்வதை. பிறகு நாற்காலியையும் விட்டாள். அமர்ந்த சிறிது நேரத்தில் இடுப்பின் நடுவிலிருந்து ஒரு கம்பியைக் காய்ச்சிக் கெண்டைக்கால் வரை இழுப்பது போலிருக்கிறது என்பாள். ஆகவே சமையலறை மேடைமேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே உண்டாள். நான் கூடத்தில் அமர்ந்து உண்பேன். அவள் அங்கே நின்று உண்பாள். எங்களுக்கு இடையே ஒரு சுவரும் இரண்டு கரண்டிகளின் ஓசையும் இருக்கும்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒருமுறை அவளிடம் வினவினேன். மலையேற வேண்டும் என்பாள், கோயில் சுற்ற வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“சாம்பார்லேருந்து மோர் வரைக்கும் ஒரு சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடணுங்க. அது போதும்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் சிலர் கூடி அடியார் பாடல்களை ஓதுவது வழக்கம். அவள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்பாள். அன்பர் ஒருவர், வங்கியில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர், அவள் நிற்பதைப் பார்த்து உருகி, இறைவன் தனக்கு வேண்டியவர்களைத்தான் சோதிப்பான் என்று ஆறுதல் சொன்னார். அவள் காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

“பாட்டுல சோதனை முடிஞ்சா சாமி வரும் சார். எனக்கு சோதனை முடிஞ்சா ரிப்போர்ட்தான் வருது.”

அவர் காப்பியை மிக உன்னிப்பாக ஆற்றினார். நான் சிரித்துவிட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. முதலில் குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அசையாமல் கிடப்பதே அவளுக்குத் தண்டனையாயிற்று. அடுத்து நரம்புச் சோதனை. அதில் முதலில் காலில் மின்சாரத்தைச் சொடுக்கினார்கள். பின்பு மெல்லிய ஊசிகளைத் தசைக்குள் செருகி, செருகிய இடத்திலேயே தசையை இறுக்கச் சொன்னார்கள். நான் திரைக்கு இப்பால் நின்றிருந்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் ‘முருகா’ கேட்டது. சோதனை செய்த பெண்ணுக்கு எங்கள் பேத்தியின் வயது இருக்கும். மதிய உணவுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

“அம்மா, சாமி பேரைச் சொன்னா மெஷினுக்குப் புரியாது. வலிக்குதா இல்லியா, அதைச் சொல்லுங்க.”

‘முருகா’ என்றாள் என் மனைவி. அதற்கு ‘ஆம்’ என்று பொருள். அந்தப் பெண் அடுத்த ஊசியை எடுத்தாள். தீர்மானமாக எதுவும் கூற இயலவில்லை என்று அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையோடுதான் முதுகெலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். எலும்புகளுக்கிடையில் இருக்கும் மெத்தை போன்ற வட்டுகளில் மூன்று கெட்டுக் கறுத்திருந்தன.

“மூணும் பார்க்க திருடன் மாதிரிதான் சார் இருக்கு. எது திருடுச்சுன்னு படத்துக்குத் தெரியாது. அம்மாதான் காட்டணும்,” என்றார்.

எப்படிக் காட்டுவது என்பதையும் அவரே விளக்கினார். குப்புறப் படுக்கவைத்து, ஒவ்வொரு வட்டுக்குள்ளும் ஓர் ஊசியை இறக்கி, மருந்தைச் செலுத்தி அழுத்துவார். எந்த வட்டை அழுத்தும்போது வீட்டில் வரும் அதே வலி வருகிறதோ, அதுவே குற்றவாளி. அந்த ஒன்றுக்கு மட்டும் அறுவை செய்து, எலும்புகளை ஸ்க்ரூவால் பிணைக்கலாம். மயக்கம் கொடுக்க முடியாது. விழித்திருந்து பதில் சொல்ல வேண்டும். வலிக்கக் கூடாது என்பதல்ல இந்தச் சோதனையின் நோக்கம். சரியான வலி வர வேண்டும் என்பதே. சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் எதையும் அறுக்க இயலாது; மாத்திரையோடு காலம் கழிக்க வேண்டியதுதான்.

பழைய அறிக்கையைப் புரட்டியபடி, அம்மா பதில் சொல்வதற்குப் பதிலாகச் சாமியைக் கூப்பிடுகிறாராமே என்றார். ஆகவே வழக்கத்துக்கு மாறாக என்னை உள்ளே அனுமதிப்பதாகவும், அவளை ஒழுங்காகப் பதில் சொல்லவைப்பது என் பொறுப்பு என்றும் சொன்னார். மூன்று விடைகளே உண்டு: ‘வலி இல்லை’, ‘வேற வலி’, ‘அதே வலி’. அவள் வெளியே சென்றபின் என்னை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். சில நேரம் அழுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு அழுத்தமாட்டார். சில நேரம் சொல்லாமல் அழுத்துவார். பயத்தில் சொல்கிறாளா, வலியில் சொல்கிறாளா என்று பார்ப்பதற்கு அது வேண்டும். என் கண்ணுக்கு அவர் கை தெரியும், அவளுக்குத் தெரியாது.

“நீங்க முகத்துல எதையும் காட்டக் கூடாது சார். காட்டினா டெஸ்ட் வேஸ்ட்.”

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் மேசையைத் தட்டுவேன்; அவள் ஏதேனும் ஒரு விடையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி, சலித்துப்போய், இந்த வயதில் தனக்கு வலி சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் என்று என்னைக் கேலி செய்தாள். சோதனைக்குப் போகும் வழியில் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்துப் பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியது.

“முருகா,” என்றவள், உடனே என்னைப் பார்த்து, “ஐயோ தப்பு. அதே வலி,” என்றாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “இன்னா சார், அம்மாவுக்கு எதுனா பிராப்ளமா?” என்றார். பரீட்சைக்குப் போகிறோம் என்று அவள் பதில் சொன்னாள்.

அந்த அறை கருவறையைப் போல் குளிர்ந்து இருண்டிருந்தது. எனக்கு ஈயம் வைத்த அங்கி ஒன்றைப் பூட்டினார்கள். கதிர் படாமல் இருக்க அது எனக்கு. அவளுக்கு முதுகு திறந்த ஒரு பருத்தி உடை மட்டும். குப்புறக் கிடந்த அவள் முகத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்கள். தோலை மரக்கச் செய்து ஊசிகளை இறக்கினார்கள். திரையில் அவளது எலும்புகள் தெரிந்தன. அவற்றினிடையே மூன்று கறுப்புக் கோடுகள் சாய்ந்து நுழைந்திருந்தன. இத்தனை காலம் உடன் வாழ்ந்தும் நான் காணாத ஓர் இடத்தை அந்நியர் மூவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப அழுத்தறேன்மா,” என்றார் மருத்துவர். அவர் கை எந்த ஊசியின்மேலும் இல்லை.

“முருகா,” என்றாள்.

முதலெழுத்து குறுகி விழுந்தது. மருத்துவர் என்னைப் பார்த்தார். அது அச்சம், வலியன்று என்று நான் சொன்னேன். அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க சொல்றதை நான் எழுத முடியாது சார். அவங்க வாயால வரணும். இன்னொரு தடவை அந்தப் பேர் வந்தா ஊசியை எடுத்துடுவேன். நீங்களே சொல்லிடுங்க.”

நான் குனிந்தேன். அங்கியின் பாரம் என்னையும் சேர்த்துக் கீழே இழுத்தது. அழைத்தவர்க்கு ஓடிவருபவன் என்று நாள்தோறும் ஓதும் வாயை அவள் காதருகே கொண்டுபோய்ச் சொன்னேன்.

“முருகனைக் கூப்பிடாதே.”

அவள் கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்தவளாய், “சரி,” என்றாள்.

அதன்பின் நடந்தது எல்லாம் மருத்துவர் விரும்பியபடியே நடந்தது. மேல் வட்டை அழுத்தியபோது உதட்டைக் கடித்து, “வலி இல்லை,” என்றாள். நடுவட்டை அழுத்தியபோது முகம் சுருங்கிற்று. சிறிது யோசித்து, “வேற வலி,” என்றாள். மூன்றாவதை அவர் சொல்லாமலே அழுத்தினார். அவர் கட்டைவிரல் வெளுப்பதை நான் முதலில் கண்டேன். பின்பு அவள் முகத்தைக் கண்டேன். வாய் குவிந்தது. அந்தப் பெயரின் முதலெழுத்துக்காக உதடுகள் ஒட்டின, ஒட்டியபடியே நின்றன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒட்டிய உதடுகளை அவளே பிரித்தாள்.

“அதே வலி.”

“நிச்சயமாம்மா?”

“அதேதான்.”

உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை அழுத்த வேண்டும் என்று மருத்துவர் எனக்கு மட்டும் கண்ணால் காட்டினார். அவள் அதைக் காணவில்லை. ஆனால் நான் எதையோ கண்டுகொண்டதைக் கண்டாள். உடனே அவள் விழிகள் என் முகத்தில் தேடத் தொடங்கின: வருகிறதா, இல்லையா, எப்போது? கல்லாய் நிற்கிறாயே என்று இறைவனை வையும் பாடல்கள் எங்கள் மரபில் ஏராளம். அவற்றை உருகி உருகி ஓதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தக் கல்முகம் எனக்கு வாய்த்தது. அவள் கேட்டாள், நான் காட்டவில்லை. கட்டைவிரல் மீண்டும் வெளுத்தது.

“அதே வலி,” என்றாள் மூன்றாம் முறையாக. கண்களை மூடிக்கொண்டாள்.

“சூப்பர்மா. ரொம்பத் தெளிவா சொன்னீங்க,” என்றார் மருத்துவர். செவிலி அவள் தோளைத் தட்டி, நல்ல பேஷண்ட் என்று பாராட்டினாள். வீடு திரும்பும்போது அவள் ஆட்டோவின் இருக்கையில் ஒருக்களித்துக் கிடந்தாள். பாஸாகிவிட்டேனா என்று கேட்டாள். முதல் மதிப்பெண் என்றேன். சிரிக்க முயன்று விட்டுவிட்டாள்.

அறுவைக்கு முன் இன்னொரு சிறு சோதனை பாக்கி இருந்தது. ஒரு பலகையின்மேல் அவள் படுத்தாள், மேலே ஒரு கருவி ஓசையின்றி நகர்ந்து சென்றது, அவ்வளவுதான். ஊசியில்லை, கேள்வியில்லை. முடிந்துவிட்டதா என்று அவளே ஐயத்தோடு எழுந்தாள். எலும்பின் அடர்த்தியை அளப்பது அது. அவள் எலும்புகள் உள்ளே பஞ்சாகிவிட்டன என்று அது சொல்லிற்று.

“எந்த டிஸ்க்குன்னு சந்தேகமே இல்லை சார். ஆனா இந்த எலும்புல ஸ்க்ரூ நிக்காது. வச்சா கழண்டு வந்துடும்,” என்றார் மருத்துவர். எலும்பு தேற ஊசி போடலாம். பலன் தெரிய நெடுநாள் ஆகும். இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது.

இதை முதலிலேயே எடுத்திருக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். குரலில் வருத்தம் இல்லை; தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள். எந்த இடம் வலிக்கிறது என்று தெரியாமல் அறுவையைப் பற்றி எப்படி யோசிப்பது என்று அவரும் பொறுமையாகவே விளக்கினார். அவள் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்த கிருத்திகையன்று குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவளால் படியேற இயலவில்லை. அடிவாரத்தில் ஒரு கடையின் கம்பத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். நான் மட்டும் ஏறி வணங்கி, திருநீற்றைத் தாளில் மடித்து எடுத்துவந்தேன். காவடியோடு வந்த ஒரு கூட்டம் அவன் பெயரை விண்ணதிரக் கூவிக்கொண்டு எங்களைக் கடந்து ஏறிற்று. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பின்பு நெற்றியில் நீறு பூசிக்கொண்டாள். பூசும் விரலோடு எப்போதும் எழும் பெயர் எழவில்லை. சோதனை முடிந்த நாள்முதல் வீட்டில் அந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. பால் பொங்கியிருந்தது, மின்சாரம் போயிருந்தது; எதற்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உண்ணத் தொடங்கினோம். நான் கூடத்தில் அமர்ந்திருந்தேன். அவள் மேடையருகே நின்றிருந்தாள். மோர்ப் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

“அதே வலி,” என்றாள்.

அந்த அறையில் சொன்ன அதே குரல், அதே தெளிவு. எழுதிக்கொள்வதற்கு யாரும் இல்லை. நான் தட்டை விட்டுவிட்டு நிலைப்படிக்குப் போனேன்.

“இங்கே டாக்டர் இல்லை. வாய் விட்டு அவனைக் கூப்பிடு,” என்றேன்.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

“கூப்பிடாதேன்னு சொன்னது நீங்கதானே. என் காதுல மட்டுமா விழுந்திருக்கும்? அவனும்தான் கேட்டிருப்பான்.”

அவள் மோரைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

“நீங்க போய் உட்காருங்க,” என்றாள். “நான் வந்து ஊத்தறேன்.”