ஆறாம் அத்தியாயத்துக்குப் பின் பதினோரு நிமிடம்

பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத்தில், முன்பு ஜெராக்ஸ் மெஷின் இருந்த அறையில் உட்கார்ந்து சொக்கம்மாள் புத்தகம் படிப்பாள். தனக்காக அல்ல, பத்துப் பேருக்காக. பார்வையில்லாத மாணவர்கள் ஒன்பது பேர், விரிவுரையாளர் ஒருவர். அவர்களுக்கு வேண்டிய பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்தால், அவர்கள் போனில் நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து கேட்டுக்கொள்வார்கள். கேட்கத்தான் முடியும், இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. பதிப்புரிமைச் சட்டம் அப்படி என்று சொல்லியிருந்தார்கள்.

சுவரெங்கும் தெர்மாகோல், தரையில் பழைய கார்பெட். ஏசியின் இரைச்சல் பதிவில் விழும் என்று அதையும் அணைத்துவிடுவதால் உள்ளே வெந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கண்டெய்னர் லாரிக்காரன் ஹார்னை அழுத்தினால் மட்டும் தெர்மாகோலின் ஜம்பம் பலிக்காது. சொக்கம்மாள் நிறுத்தி, லாரி போகும் வரை காத்திருந்து, அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு லாரியாவது வரும்.

அவள் தமிழைக் கேட்டவர்கள் வானொலியில் செய்தி வாசித்தவளோ என்று நினைப்பார்கள். அதன் கதை வேறு. நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். இருபத்து நான்கு வயதில் இங்கே உதவியாளாகச் சேர்ந்த புதிதில், ஒரு பேராசிரியர் ஏதோ புத்தகம் கேட்க, "மேல கீது சார்" என்றாள். அந்த மனிதர் அதை அப்படியே வகுப்பில் நடித்துக் காட்ட, ஒரு வாரம் மாணவர்கள் கவுண்டருக்கு வந்து "புக்கு கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். படித்தவர்களின் வேடிக்கை அவ்வளவுதான். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் வாயைத் திறந்தால், "புத்தகம் மேல்தளத்தில் இருக்கிறது, ஐயா" என்றுதான் வரும். இருபத்தெட்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வதுபோல் காலையில் அந்தத் தமிழை மாட்டிக்கொண்டு வருவாள். அஞ்சல்வழியில் நூலகப் படிப்பு முடித்து உதவி நூலகராகவும் ஆகிவிட்டாள்.

கல்யாணம் மட்டும் ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார், பிறகு தம்பிக்கு முடிக்க வேண்டியிருந்தது, அவள் முறை வந்து போனதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், சொல்லவில்லை. இப்போது விம்கோ நகரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டையும் அந்தப் பதிவு அறையில்தான் வைத்துக்கொண்டாள். ஊழியர் சாப்பிடும் அறையில் ஒருநாள் வாளைக் கருவாட்டுக் குழம்பைத் திறந்தபோது, பக்கத்திலிருந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். மறுநாள் மின்விசிறியின் திசை மாறியிருந்தது. அதற்கடுத்த நாள் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. போ என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு பதிவு அறைக்கு வந்துவிட்டாள். அங்கே அவள் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து படிப்பார்கள் என்று திட்டம் போட்டபோது வாங்கியது. இரண்டாவது ஆள் வரவேயில்லை.

போன மாதக் கடைசியில் வினிதா ஒரு தாளோடு வந்தாள். கணினிப் பிரிவில் இருக்கும் சின்னப் பெண், பதிவுகளை ஏற்றுவது அவள் வேலை. எந்தப் பதிவை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு அந்தத் தாளில் இருந்தது. எல்லாமே மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து. பொருளாதார வரலாற்றுப் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் மட்டும் நாற்பத்து மூன்று.

"உப்பு வரியப் பத்தினது அக்கா. அப்படி என்னக்கா படிச்சீங்க?" என்று சிரித்தாள் வினிதா.

சொக்கம்மாளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. இத்தனை வருடத்தில் அவள் செய்த எதையும் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. வினிதா போனதும் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, தான் அப்படி என்னதான் படித்திருக்கிறோம் என்று ஆசையோடு கேட்க உட்கார்ந்தாள். நன்றாகத்தான் படித்திருந்தாள். அத்தியாயம் முடிந்தது. பதிவு முடியவில்லை.

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"சாப்டியா? உனுக்கு இன்னா, நீ நாற்காலி. உனுக்குப் பசியா கீது?"

சொக்கம்மாளுடைய குரல்தான். தனியாக இருக்கிறவர்களுக்குத் தாங்கள் வாய்விட்டுப் பேசுவது தெரியாது. மனசுக்குள் ஓடுகிறது என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அன்று ஒரு லாரிச் சத்தத்தால் கடைசி வாக்கியத்தைத் திருப்பிப் படித்ததும், பசியில் நிறுத்தும் பட்டனைச் சரியாக அழுத்தாமல் டப்பாவைத் திறந்ததும் நினைவுக்கு வந்தன. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் கொஞ்சம் வெறும் சத்தம் இருக்கும், வினிதா வெட்டிவிடுவாள் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் வினிதா விடுப்பு. பதிவு அப்படியே ஏறிவிட்டது.

பதினோரு நிமிடம். தெருவுக்குத் தண்ணி லாரி வராததைப் பேசியிருந்தாள். தம்பி மகள் கல்யாணத்துக்குத் தம்பி நேரில் வந்து கூப்பிடாமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியதையும், போய்ப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்ததையும் பேசியிருந்தாள். நடுவில் முள்ளைத் துப்பினாள். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னது இது.

"நாளிக்கி நான் பூட்டேன்னா யாருக்குத் தெரியும், சொல்லு. ரேகை வைக்க ஆள் வர்லன்னு மூணு நாள் கழிச்சி ஆபீஸ்லேர்ந்து எவனாச்சும் போன் பண்ணுவான். அப்பத்தான் தெரியும்."

நாற்பத்து மூன்று முறை. விடுதி அறையில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அவள் கண்ணில் வந்து நின்றது. இது நூலகருக்குத் தெரிந்தால் படிக்கிற வேலை போய்விடும். அந்த வேலை ஒன்றில்தான் அவள் குரல் பத்துப் பேருக்கு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் காலையில் வருகைப் பதிவு மெஷினில் ரேகை வைத்து, மாலையில் மறுபடி ரேகை வைக்க மட்டும் வர வேண்டியதுதான். மானமும் போய், வேலையும் போகப்போகிறது.

திங்கட்கிழமை மாலை வினிதாவிடம் போய், ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில் தேவையற்ற ஒலி இருக்கிறது, நீக்கிவிட வேண்டும் என்றாள். கேட்டுப் பார்க்க வேண்டாம், முப்பத்தெட்டாவது நிமிடத்துக்கு மேல் வெட்டினால் போதும் என்றும் சொன்னாள். வினிதா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தாள். நல்ல பெண். அன்று இரவு சொக்கம்மாள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும், தூங்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டாள். எதிர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். டப்பாவில் பாதிச் சோறு மீந்தது. வியாழக்கிழமை அதைத் திறக்கவேயில்லை.

அன்று மூன்று மணிக்கு நீல நிறப் புடவையில், வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் சேவைக் கவுண்டருக்கு வந்தாள். வரலாற்றுத் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஜானட். பத்துப் பேரில் அந்த ஒரு விரிவுரையாளர். ராயபுரத்திலிருந்து வந்து போகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். கவுண்டரில் வினிதா இருந்தாள். இரண்டடி தள்ளி, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டு சொக்கம்மாள் நின்றாள்.

ஆறாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி காணவில்லை என்றாள் ஜானட். அது தவறிப்போய் ஏறியது, வெட்டிவிட்டோம் என்றாள் வினிதா. ஜானட் தலையை ஆட்டினாள், ஆனால் போகவில்லை. கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டிபார்ட்மென்ட்ல எல்லாரும் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. நான் ரூம்லயே சாப்பிடுவேன். தினமும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுறது. அந்தம்மா சாப்டியான்னு கேப்பாங்க. நானும் ம்-னு சொல்லுவேன்" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டதுபோல் சிரித்தாள்.

சொக்கம்மாள் கையிலிருந்த புத்தகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். வட்டமாக உட்கார்ந்து சிரித்த விடுதிப் பையன்கள் ஒருவரும் இல்லை. நாற்பத்து மூன்றும் ஒரே ஆள்.

பதிவைத் திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் நூலகரிடம்தான் கேட்க வேண்டும் என்று வினிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பதிவு வேணும்னு வரலைங்க. ஆள் வரலைன்னா மூணு நாள் கழிச்சித்தான் தெரியும்னு அவங்க அதுல சொல்லியிருந்தாங்க. செவ்வா, புதன், இன்னிக்கு வியாழன். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவங்க நல்லா இருக்காங்களா?"

வினிதா திரும்பிச் சொக்கம்மாளைப் பார்த்தாள். சொக்கம்மாள் வாயைத் திறந்தாள். 'நலமாக இருக்கிறேன், அம்மா' என்று இஸ்திரி போட்ட வாக்கியம் நாக்கு வரை வந்தது. அது புத்தகம் படிக்கிற குரல், இந்தப் பெண் விசாரிக்க வந்தது அந்தக் குரலை அல்ல. அந்த வாக்கியத்தை விழுங்கினாள்.

"கீறேன்மா" என்றாள்.

ஜானட்டின் முகம் சட்டென்று குரல் வந்த பக்கம் திரும்பியது. கோலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. எவ்வளவோ கேட்பாள் என்று சொக்கம்மாள் பயந்துகொண்டு நின்றாள். ஜானட் கேட்டது ஒன்றுதான்.

"சாப்டீங்களா?"

இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவளை யாரும் அதைக் கேட்டதில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றாள் சொக்கம்மாள்.