மலை இறங்காத வண்டி

பெரியசாமியின் ஆம்னி வேனில் ஏறுகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகுதான் உட்காருவார்கள். அந்த வண்டிக்கு என்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். ஆயில் ஊற்றும் வாயின் மூடி கசிந்தால் வாடை நேராக ஆளின் மடிக்கே வந்துவிடும். பெரியசாமியும் சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் சீட்டைத் தூக்கி, கொறடாவால் மூடியை இன்னும் கொஞ்சம் நெரித்து இறுக்குவார். பிளாஸ்டிக் மூடி எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? விளிம்பில் கீறல் விட்டிருந்தது.

மற்றபடி அவர் தங்கமான மனுஷர். காபி பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவர். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுக்கொண்டு கிளியூர், வெள்ளக்கடை என்று எஸ்டேட் சனங்களை ஏற்றி இறக்குவார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கும் சந்தை மூட்டைக்கும் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. மலை இறங்கிச் சேலத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் மட்டும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவார்.

காரணம் கேட்டவர்களுக்கு மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டுவார். அங்கே தயிர் ஏடு போல வெள்ளையாக நுரை படிந்திருக்கும். என்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறது, மலை இறங்கி ஏறினால் பாதி வழியில் நின்றுவிடும் என்பார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வேறு வண்டி தேடிப் போவார்கள்.

உண்மை வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை மாதத்தில், எஸ்டேட் பெண்களை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்த பெடல் அப்படியே கீழே போய்விட்டது. வண்டியைப் பாறையோரம் உரசி நிறுத்தினார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்தப் பெண்கள் இறங்கிக் கும்பிட்டார்கள், நாலு நாள் பேசினார்கள், பிறகு மறந்தார்கள். பிரேக்கையும் மாற்றியாயிற்று. பெரியசாமிக்குத்தான் மறக்கவில்லை. படுத்திருக்கும்போதுகூட அவர் கால் அந்தப் பெடலைத் தேடும். மனைவி பூவாயியிடமும் இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் மூடியில் நுரை வந்தது. நல்ல சாக்குக் கிடைத்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்த நிலையில்தான் சேலத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் புவனாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. பூவாயி பஸ்ஸில் போய்க் கூட இருந்துவிட்டு வந்தாள். பெரியசாமி பேத்தியைச் செல்போனில் பார்த்ததோடு சரி. தாயையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருவது பெண்ணைப் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. மருமகன் யுவராஜ் வாடகைக் கார் பேசட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். புவனாதான் என்ன காரணமோ, நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் வருகிற புதன்கிழமை என்று முடிவானது.

சொந்தமாக வண்டி வைத்திருப்பவன் மகள் வாடகைக் காரில் வருவதா? நினைக்க நினைக்கப் பெரியசாமிக்குச் சுருக்கென்றது. வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டால் மானம் தப்பும் என்று தோன்றியது. மெக்கானிக் மரியஅந்தோணி என்ஜின் போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மரியஅந்தோணி அவசரப்படவில்லை. என்ஜின் ஆறட்டும் என்று அவரை டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்ததும், தூசி உள்ளே விழாதபடி மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்தார். ரப்பர் வளையம் காய்ந்து விறைத்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ரேடியேட்டரையும் பார்த்தார். தண்ணீர் துளியும் குறையவில்லை.

"உள்ளார தண்ணி எறங்கியிருந்தா ஆயிலே பால் டீயாட்டம் இருக்குமுங்கண்ணா. இது மூடியில மட்டுந்தான் இருக்குது. என்ஜின் நல்லாச் சூடாகறதுக்கு முன்னாலயே நிறுத்திப்போடறீங்க, இந்தப் பனியில உள்ளயே வேர்த்துக்குது. மேலயே சுத்தற வண்டிக்கெல்லாம் இப்படி வரும். மலை எறங்கி ஏர்ற வண்டிக்கு வராதுங்க."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் பெரியசாமிக்கு உறைத்துவிட்டது. ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை டிரைவர்களுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனை நாளாக அவர் ஊருக்கெல்லாம் திறந்து காட்டியது என்ஜினை அல்ல, தன் பயத்தை. மரியஅந்தோணி புது மூடியைக் கையாலேயே திருகி, இனிமேல் கொறடா வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் பூவாயி தூளிக்குப் பழஞ்சேலை மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி சரியாகிவிட்டது, புதன்கிழமை தானே போய்க் கூட்டி வருவதாக அவர் முணுமுணுத்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரிங்க. நானும் கூட வர்றேன். முன்சீட்டுலயே உக்காந்துக்கறேன்."

புதன்கிழமை இரண்டாவது கியரிலேயே இறங்கினார்கள். அந்த வளைவு வந்ததும் பெரியசாமி ஓரங்கட்டி நிறுத்தினார். நின்ற பிறகும் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. பூவாயி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தார். அன்று வண்டி உரசிய பாறையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வண்டியை எடுத்தார்.

புவனா குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். யுவராஜும் அவன் வீட்டாரும் பின்னால் நின்றார்கள். வண்டி சரியாகிவிட்டதா அப்பா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். சம்பந்தி வீட்டார் முன்னால் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பார்கள்.

"வண்டிக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. எனக்குத்தான் நொம்ப பயமா இருந்துச்சு."

புவனா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவள் தன் கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"தெரியுமுங்கப்பா. அதனாலதான் வாடகைக் கார் வேண்டாம், நீங்களே வருவீங்கன்னு இத்தனை நாள் காத்துட்டு இருந்தேன்."