மருத்துவச்சிக்கு அரைப்பேர்

போன மாதம் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் பேத்தியும் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேரும் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வாள்வீரன், ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி திருடன். பல முகமுள்ள பகடைகள் மேசையில் உருண்டன. நான் குசினியில் என் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பேத்தியின் குரல் கேட்டது. "வைத்தியரா? ஐயோ, நான் மாட்டேன். சும்மா மத்தவங்களுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

தேத்தண்ணி புறங்கையில் கொட்டியது. சுட்டதுகூட உடனே உறைக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால், பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை மாடியில், இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன். கேட்டது மட்டுமா? அந்தப் பேச்சு வரக் காரணமாக இருந்த மடையனும் நான்தான்.

துணிக்கடை என்றால் எனக்கு முதலில் வாசனைதான் வரும். கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை, அதோடு தையல் மெஷின் எண்ணெய். இன்றைக்கும் புதுச் சட்டையைப் பிரித்தால் நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். மனைவி திட்டுவாள். அந்தக் கடை என் சிநேகிதன் நவ்ஷாத்தின் வாப்பாவுடையது. நான் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். ஞாயிறு காலை பஸ் பிடித்து பதுளைக்கு வந்தால் கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்புவேன். சந்தைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு வெங்காயம்கூட வாங்காமல் திரும்பிய வாரங்கள் உண்டு.

நவ்ஷாத்தின் அக்கா மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்த்தவர். அவர் லண்டனிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகமும், பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைச் சில்லுகளும் இருந்தன. சில்லுகளை ஒரு பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினோம். உங்களுக்கு இந்த விளையாட்டு தெரியாதென்றால் சொல்லிவிடுகிறேன். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாக அந்தக் கதைக்குள் இறங்கி, இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைச் சில்லு சொல்லும். கதை சொல்கிறவன் நான். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்ற ஒரே தகுதி.

நவ்ஷாத் வாள்வீரன். திருடன் வேடம் செல்வத்துக்கு. அவன் மொனராகலைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன், வண்டி நேர்மையாகத்தான் ஓட்டுவான், சொல்லிவிட வேண்டும். மூன்றாவது ஆள் செல்வத்தின் தங்கை சரசு. மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்து, பதுளையில் சித்தி வீட்டில் தங்கி, அந்தக் கடை மாடியில் தைத்துக்கொண்டிருந்தவள். அறையே அவளுடையதுதான், நாங்கள்தான் போய் ஆக்கிரமித்தோம். மிச்சமிருந்தது குணப்படுத்தும் வேடம். யாருக்கும் வேண்டாம். "நான் வர்றேங்க, எனக்கென்ன" என்று காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு மருத்துவச்சி என்று பேர் வைத்தோம்.

புத்தகத்தில் இருந்தபடி ஆடியது இரண்டே வாரம். சீமை ஆட்களுக்கு எழுதியது நமக்கு ஒத்துவருமா? வாள்வீரனை யாராலும் அசைக்க முடியவில்லை. இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு நவ்ஷாத் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தான். மற்ற இருவரும் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அதனால் நான் கதை நடக்கிற குகையை மடுல்சீமை மலைக்கு மாற்றினேன். ஜன்னலுக்கு வெளியே பதுளையில் மழை பெய்தால் கதையிலும் மழை. மழையில் இரும்புச் சட்டை கனக்கும், உள்ளே இரத்தம் குடிக்கிற அட்டை ஏறும், வீரனுக்குப் பாதி பலம்தான். ஐப்பசி பிறந்ததும் நவ்ஷாத் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் ஜன்னலுக்கு ஓடுவான்.

"மச்சான், இது அநியாயம்டா. தூத்தல்தானே, இதெல்லாம் மழையா?"

"அட்டைக்குத் தூத்தலே போதும் மொதலாளி. சட்டையக் கழட்டுங்க" என்பான் செல்வம். வேறு எந்த நாளிலும் அவன் நவ்ஷாத்திடம் அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

திருடனுக்கும் ஒரு திருத்தம் செய்தேன். இருட்டில் பாதை கண்டுபிடிக்கிற வித்தை. பனிமூட்டத்தில் லொறி ஓட்டுகிறவனுக்கு அது பொருத்தம்தானே? இப்படி ஒவ்வொரு வேடமாகத் தட்டி நிமிர்த்தி, எடை சரிபார்த்து, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. லண்டன்காரனுக்கே நான் புத்தி சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்தத் திமிரில் செய்ததுதான் அடுத்தது. ஆட்டத்தில் ஆள் வளர்வதற்குப் புள்ளி உண்டு. எத்தனை மிருகத்தைக் கொன்றாய் என்று பார்த்துக் கொடுப்பது. அதைக் கூட்டிக் கழிப்பது பெரிய தலைவலி. என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பக்கத்தில் நின்று அவர் பேர் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்திருந்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் கூலிதான். ஆகா, எவ்வளவு சுலபம்! நான் ஒரு கொப்பியில் கட்டம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கு இத்தனை மிருகம் என்று அளவு வைத்தேன். எட்டியவருக்கு முழுப்பேர், எட்டாதவருக்கு அரைப்பேர். தோட்டத்து லயத்தில் பிறந்த இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்திருக்க, எனக்கு ஒரு நிமிடம்கூட உறுத்தவில்லை.

மருத்துவச்சி யாரையும் கொல்வதில்லை. விழுந்தவனைத் தூக்கி மருந்து வைப்பாள். ஒரு வாரம் அரைப்பேர். மறு வாரம் அரைப்பேர். நவ்ஷாத்தும் செல்வமும் படிப்படியாக ஏற, அவள் தொடங்கிய இடத்திலேயே நின்றாள். நாலாம் வாரம் நான் கொப்பியைப் புரட்டி, "சரசு, அரை" என்றேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"என்னங்க மாஸ்டர், ஒங்க வெளாட்டுலயும் அரைப்பேரா?"

அவள் கொப்பியைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"எங்கம்மா மலையில மத்தவ புள்ளைக்கு வலிப்பு வந்துச்சுன்னு தூக்கிட்டு ஓடிச்சு. அன்னிக்கும் அரைப்பேருதான் போட்டாங்க. ராத்திரி அழுதுச்சு. வாரத்துல ஒரு நா சிரிக்கலாம்னு இங்க ஒக்காந்தா, நீங்களும் அதே கொப்பியக் கொண்டாந்துட்டீங்க." தன் வேடத்துத் தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "நான் இனி ஆட வரலீங்க. நீங்க மூணு பேரும் நல்லா கொல்லுங்க."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு மூன்று பேராக ஆடினோம். செல்வத்தை ஒரு சின்னப் பாம்பு கடித்தது, ஐந்து நிமிடத்தில் ஆள் காலி. நவ்ஷாத் மழையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து அங்கேயே கிடந்தான். கட்டுப் போட ஆளில்லை. டின்னைக் குலுக்கவே கை வரவில்லை. "டேய், போய்ச் சொல்லி கூட்டிட்டு வாடா. அவள் இல்லாம இது என்னத்துக்கு ஈக்குது?" என்றான் நவ்ஷாத். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்காக மட்டும் நினைத்தேனா என்றால், அதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அவள் இல்லாத மாடி எனக்குப் பிடிக்கவே இல்லை.

செல்வத்தோடு சித்தி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கொப்பியை நீட்டினேன்.

"மன்னிச்சிருங்க சரசு. எனக்குப் புத்தி வரல. பேர் எப்படிப் போடணும்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதுறேன்."

அவள் கொப்பியைத் தொடவில்லை. சிரிக்கவில்லை. ஆனால் யோசித்து வைத்திருந்தாள் போல, ஒரே மூச்சில் சொன்னாள்.

"எத்தனைய கொன்னாங்கன்னு எண்ணாதீங்க. போனவங்க திரும்பி வந்தாங்களான்னு பாருங்க. எல்லாரும் குகைய விட்டு வந்தா எல்லாருக்கும் முழுப்பேரு. ஒருத்தர் விட்டுப்போனாலும் எல்லாருக்கும் அரை. வீரருக்கும்தான்."

அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்தில் ஆட்டமே வேறாகிவிட்டது. வாள்வீரன் விழுந்தவனைச் சுமக்கத் தொடங்கினான். திருடன் முன்னால் போய்ப் பாதை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூட்டிப்போனான். "பேயிருந்தா இருந்துட்டுப் போகட்டும், நாம சுத்திப் போவோம்" என்று சரசு சொன்னால் நவ்ஷாத் வாளை உறையில் போடுவான். ஏறக்குறைய ஒரு வருடம் ஆடினோம். நான் என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை.

பிறகு அவர்கள் குடும்பத்துக்கு இந்தியா போகும் கடிதம் வந்தது. அவர்களுடைய அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த விண்ணப்பம். பிறந்த மண் இது, ஆனால் பாஸ்போர்ட் அந்தப் பக்கத்துக்கு. கடைசி ஞாயிறு அவர்கள் குகைக்குள் ஆழமான இடத்தில் நின்றார்கள். வெளியே வர இன்னும் இரண்டு அறை இருந்தது. சாமான் கட்ட வேண்டுமென்று சரசு சீக்கிரம் எழுந்துவிட்டாள்.

பதுளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. கோச்சிக்கு உள்ளேயும் வெளியேயும் கை பிடித்துக்கொண்டு ஜனம். நவ்ஷாத் கடையிலிருந்து ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். செல்வம் அவனைக் கட்டிப்பிடித்து, "மொதலாளி, மழையில சட்டையக் கழட்டிருங்க" என்றான். நான் சொல்ல வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"சரசு, போன வாரத்துக்கு என்ன பேர் போடறது?"

கோச்சி அசைந்துவிட்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "போட்டுறாதீங்க மாஸ்டர். நாங்க இன்னும் வெளிய வரலதானே."

கோத்தகிரியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் கொழுந்துதானாம். பதுளையில் மழையா என்று கேட்டிருந்தாள். பதில் போட்டேன், இரண்டு தரம் போட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். கோச்சியில் போய் இறங்கிய ஜனங்களை இந்தியாவுக்கு ஏற்றிப்போன கப்பலும் நின்றுபோய் எத்தனையோ காலம். நவ்ஷாத் மௌத்தாகி மூன்று வருடம்.

அன்று பேத்தியிடம் போய், சரசுவின் சட்டத்தைச் சொன்னேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப நான் வைத்தியர் எடுக்கிறேன்" என்றாள் பேத்தி. ஊருக்குத் திரும்பியதும் அலமாரியைக் குடைந்து கொப்பியை எடுத்தேன். கட்டங்கள் மங்கிவிட்டன. கடைசி ஞாயிற்றுக்கிழமையின் மூன்று கட்டங்களும் காலியாக இருக்கின்றன. நவ்ஷாத்தின் கட்டத்தைக்கூட நான் நிரப்பவில்லை.